மைனசும் மைனசும் பிளஸா? முழுக்களைக் கூட்டவும் கழிக்கவும் ஒரு வழிகாட்டி

இந்தக் கணக்குக்கு மனதுக்குள் ஒரு விடை சொல்லிவிட்டு, அப்புறம் தொடருங்கள்.

−3 − 5 = ?

8 என்று வந்திருந்தால் கூச்சப்பட வேண்டாம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தவன்தான். பள்ளித் தேர்வு ஒன்றில் இதே மாதிரி மூன்று கணக்குகள் வந்தன. மூன்றிலும் "மைனசும் மைனசும் பிளஸ்" என்று முணுமுணுத்துக்கொண்டே தப்பான விடையை எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது மூன்றின் மேலும் சிவப்புக் கோடு. எனக்கு என் மேல் கோபம் வரவில்லை, அந்த வாய்ப்பாட்டின் மேல்தான் வந்தது. சொல்லிக் கொடுத்ததைத்தானே செய்தேன்?

சரியான விடை −8. "மைனசும் மைனசும் பிளஸ்" என்பது பொய்யில்லை. ஆனால் அது பெருக்கலுக்கான விதி: −3ஐ −5ஆல் பெருக்கினால் 15 வரும். கூட்டல் கழித்தலில் அந்த வரிக்கு ஒரே ஒரு சின்ன மூலைதான் உண்டு. அது எந்த மூலை என்று ஐந்தாம் படியில் தெரியும். அதுவரை அந்த வரியை மறந்துவிடுங்கள்.

ஒரு சொல் விளக்கம் மட்டும் முதலில். 0, 1, 2, 3 என்று போகும் எண்களைப் பாடநூல்கள் முழு எண்கள் என்கின்றன. அவற்றோடு −1, −2, −3 என்று மறுபக்கம் போகும் எண்களையும் சேர்த்தால் அந்தத் தொகுப்புக்கு முழுக்கள் என்று பெயர். பூஜ்ஜியத்தைவிடப் பெரியவை மிகை முழுக்கள், சிறியவை குறை முழுக்கள். நேர் எண், எதிர் எண் என்றாலும், பாசிட்டிவ், நெகட்டிவ் என்றாலும் இவைதான். பூஜ்ஜியம் இரண்டிலும் சேராது.

படி 1: ஒரு கோடு போடுங்கள்

தாளில் ஒரு நீளமான படுக்கைக்கோடு போட்டு, நடுவில் 0 எழுதுங்கள். வலப்பக்கம் சம இடைவெளியில் 1, 2, 3 என்றும், இடப்பக்கம் −1, −2, −3 என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

−6   −5   −4   −3   −2   −1   0   1   2   3   4   5   6

இதுதான் எண்கோடு. சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரு வாரமாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைப் பார்த்து இரண்டு விஷயங்களைப் பழகிக்கொள்ள வேண்டும். முதலாவது, வலப்பக்கம் இருப்பதுதான் எப்போதும் பெரியது. −7, −2 இரண்டில் எது பெரியது? 7 பெரிய எண் என்பதால் −7 என்று சொல்லத் தோன்றும். கோட்டில் பாருங்கள், −2தான் வலப்பக்கம் நிற்கிறது. வெப்பநிலை −7 டிகிரி உள்ள இடம் −2 டிகிரி உள்ள இடத்தைவிடக் குளிரானது. அதனால் −7 சிறியது.

இரண்டாவது, ஒவ்வோர் எண்ணுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து ஒரு தூரம் உண்டு. −7 ஏழு தப்படி தள்ளி நிற்கிறது, 7ம் ஏழு தப்படி தள்ளித்தான் நிற்கிறது. திசைதான் வேறு. குறியை விட்டுவிட்டு இந்தத் தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அதற்கு மட்டு மதிப்பு என்று பெயர். ஆக, ஒரு முழுவில் இரண்டு சேதிகள் இருக்கின்றன: எந்தப் பக்கம், எவ்வளவு தூரம். கூட்டலில் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் கவனிக்கப்போகிறோம்.

படி 2: மைனஸ் வேறு, கழித்தல் வேறு

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரே சின்னக் கோடு இரண்டு வேலை பார்க்கிறது. −5 என்று எழுதும்போது அது எண்ணின் பெயரில் ஒரு பகுதி, நம் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இனிஷியல் மாதிரி. 9 − 5 என்று எழுதும்போது அது ஒரு கட்டளை: "இதிலிருந்து அதை எடு". உருவம் ஒன்று, வேலை இரண்டு.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இரண்டு வேலைகளுக்கும் நம் வாயில் இரண்டு சொற்கள் ஏற்கெனவே புழங்குகின்றன. எண்ணின் பெயரில் வரும் கோட்டை "மைனஸ்" என்று படியுங்கள், கட்டளையாக வரும் கோட்டைக் "கழித்தல்" என்று படியுங்கள். அதே போல எண்ணோடு ஒட்டியது "பிளஸ்", கட்டளை "கூட்டல்".

−3 − 5 : மைனஸ் மூன்று கழித்தல் ஐந்து.

4 − (−6) : நாலு கழித்தல் மைனஸ் ஆறு.

−2 + (−9) : மைனஸ் இரண்டு கூட்டல் மைனஸ் ஒன்பது.

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கணக்கில் எத்தனை எண்கள், அவற்றுக்கு நடுவே என்ன கட்டளை என்பது தானாகப் பிரிந்து நிற்கும். எழுதும்போது இந்தப் பிரிவைக் காட்டத்தான் அடைப்புக்குறி. 4 − −6 என்று எழுதினால் பேனா தவறிக் கோடு இரண்டு தடவை விழுந்ததோ என்று தோன்றும், 4 − (−6) என்றால் சந்தேகமில்லை. எண்ணுக்கு முன்னால் குறி எதுவும் இல்லாவிட்டால் அது பிளஸ் எண். 6 என்றாலும் +6 என்றாலும் ஒன்றே.

+, − இரண்டும் அச்சில் முதலில் வந்தது 1489இல், ஜெர்மனியில் யோஹன்னஸ் விட்மன் எழுதிய வணிகக் கணக்கு நூலில். அங்கே அவை அதிகம், குறைவு என்று காட்டத்தான் வந்தன. அதாவது மைனஸ் வேலை ஒன்றும் பின்னால் ஒட்ட வைத்ததல்ல.

படி 3: கூட்டல் என்றால் நடப்பது

எண்கோட்டின் மேல் வலப்பக்கம் பார்த்து நில்லுங்கள். முதல் எண்தான் நீங்கள் நிற்கும் இடம். பிளஸ் எண்ணைக் கூட்டச் சொன்னால் முன்னால் நடங்கள். மைனஸ் எண்ணைக் கூட்டச் சொன்னால் பின்னால் நடங்கள். வந்து நிற்கும் இடம்தான் விடை.

2 + 5: 2இல் நின்று ஐந்து தப்படி முன்னால் போனால் 7.

−2 + 5: −2இல் நின்று ஐந்து முன்னால். −1, 0, 1, 2, 3. விடை 3.

2 + (−5): 2இல் நின்று ஐந்து பின்னால். 1, 0, −1, −2, −3. விடை −3.

−2 + (−5): −2இல் நின்று ஐந்து பின்னால். விடை −7.

எண்ணும்போது பலர் செய்யும் ஒரு பிழை: நிற்கும் இடத்தையே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். நிற்பது நடையாகாது, அடுத்த எண்ணில் கால் வைத்தால்தான் ஒன்று.

இந்த நடை வித்தை பழையது. 1685இல் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இப்படித்தான் விளக்கினார்: ஒருவர் 5 கெஜம் முன்னேறி, 8 கெஜம் பின்வாங்கினால் எங்கே நிற்பார்? புறப்பட்ட இடத்துக்கு 3 கெஜம் பின்னால், அதாவது −3இல். ஒன்றுமில்லாததைவிடக் குறைவான எண் இருக்க முடியுமா என்று அன்றைய ஐரோப்பாவில் படித்தவர்களே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்து காட்டினால் சந்தேகத்துக்கு என்ன வேலை?

சரி, −47 + 29 வந்தால் கோட்டில் 29 தப்படி எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு நான் வைத்திருப்பது கயிறு இழுக்கும் போட்டி. பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கம் மைனஸ் அணி, வலப்பக்கம் பிளஸ் அணி. −47 என்றால் மைனஸ் அணியில் 47 பேர், 29 என்றால் பிளஸ் அணியில் 29 பேர். எல்லாரும் சம பலம். இரண்டே கேள்விகள்: யார் ஜெயிப்பார்கள்? எத்தனை பேர் வித்தியாசத்தில்?

மைனஸ் அணிதான் பெரியது, ஜெயிப்பதும் அதுதான். வித்தியாசம் 47இலிருந்து 29 போக 18. ஆக −47 + 29 = −18.

63 + (−25)? பிளஸ் அணி 63, மைனஸ் அணி 25. பிளஸ் ஜெயிக்கிறது, 38 பேர் வித்தியாசம். விடை 38.

−14 + (−33)? இங்கே எதிரணியே இல்லை. எல்லாரும் மைனஸ் பக்கம் நின்று ஒரே திசையில் இழுக்கிறார்கள். ஆட்களைச் சேர்த்துவிட வேண்டியதுதான்: −47.

பாடநூல் விதி இதையேதான் வேறு சொற்களில் சொல்கிறது: குறிகள் ஒன்றாக இருந்தால் மட்டு மதிப்புகளைக் கூட்டி அதே குறியைப் போடு, வேறாக இருந்தால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பெரியதன் குறியைப் போடு. மனப்பாடம் செய்தாலும் தப்பில்லை. நான் கயிற்றையே பிடித்துக்கொள்கிறேன், மறந்தாலும் மறுபடி யோசித்து வரவழைக்கலாம்.

குறியை முதலில் தீர்மானித்து எழுதிவிட்டு, அப்புறம் எண்ணைக் கணக்கிடுங்கள். எண்ணைப் போட்டுவிட்டுக் குறியை மறப்பது எவ்வளவு சகஜம் என்பது தாள் திருத்துகிறவர்களுக்குத் தெரியும்.

படி 4: ஜோடி சேர்ந்தால் பூஜ்ஜியம்

7 + (−7) எவ்வளவு? இரண்டு அணியிலும் ஏழேழு பேர். கயிறு அசையாது. விடை 0. இப்படி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று எதிரெண்கள் (குறை எண்ணுக்கு இன்னொரு பெயராகத் தொடக்கத்தில் சொன்ன எதிர் எண் வேறு, இது வேறு). 7இன் எதிரெண் −7, −7இன் எதிரெண் 7. பூஜ்ஜியத்துக்கு அதுவே எதிரெண்.

இதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் இரண்டு நிற வில்லைகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சிவப்பு வில்லை +1, ஒரு கறுப்பு வில்லை −1. ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூஜ்ஜியம், இரண்டையும் மேசையிலிருந்து எடுத்துவிடலாம். இந்த நிறங்களும் என் கற்பனையல்ல. சீனாவில் கணக்குப் போட எண்ணுகுச்சிகளைப் பயன்படுத்தினார்கள். மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி என்று லியூ ஹுய் என்ற கணித அறிஞர் 263இல் எழுதியிருக்கிறார்.

3 + (−5) போட 3 சிவப்பு, 5 கறுப்பு வையுங்கள். மூன்று ஜோடி நீங்கும். 2 கறுப்பு மிஞ்சும். விடை −2. வில்லைகளை எடுத்து வைத்துவிடாதீர்கள், அடுத்த படியில்தான் அவற்றுக்கு உண்மையான வேலை.

படி 5: கழித்தல், அதாவது எதிரெண்ணைக் கூட்டுவது

இந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்காருவோம். விதியை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஓர் எண்ணைக் கழிப்பதும் அதன் எதிரெண்ணைக் கூட்டுவதும் ஒன்று. இதைப் புரிந்துகொண்டால் கழித்தல் என்று தனியாகப் படிக்க எதுவும் மிச்சமிருக்காது, எல்லாக் கழித்தலும் மூன்றாம் படியின் கூட்டலாக மாறிவிடும்.

8 − 5 என்பதையும் 8 + (−5) என்பதையும் பாருங்கள். எட்டிலிருந்து ஐந்து எடுத்தாலும், எட்டில் நின்று ஐந்து பின்னால் நடந்தாலும் 3தான். இதில் யாருக்கும் மனத்தடை இருக்காது. தடை வருவது 4 − (−2) = 6 என்னும்போதுதான். கழித்தால் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடியது?

வில்லைகளை எடுங்கள். 4 என்பதற்கு 4 சிவப்பு வைத்தாயிற்று. இதிலிருந்து −2ஐ, அதாவது 2 கறுப்பு வில்லைகளை எடுக்க வேண்டும். மேசையில்தான் கறுப்பே இல்லையே? அதனால் ஒரு தந்திரம். ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு கொண்ட ஜோடி பூஜ்ஜியம் என்று பார்த்தோம். பூஜ்ஜியத்தைச் சேர்த்தால் மதிப்பு மாறாது. ஆகவே இரண்டு ஜோடிகளை மேசையில் வையுங்கள். இப்போது 6 சிவப்பு, 2 கறுப்பு. மதிப்பு இன்னும் 4தான். இனி அந்த 2 கறுப்பையும் எடுத்துவிடலாம். என்ன மிச்சம்? 6 சிவப்பு.

கறுப்பு வில்லை பாரம் மாதிரி கீழே இழுத்துக்கொண்டிருந்தது. பாரத்தை எடுத்தால் மேலே வருவதில் என்ன அதிசயம்?

வில்லையில் நம்பிக்கை இல்லாதவர்கள் வரிசையைப் பார்க்கலாம்:

4 − 2 = 2
4 − 1 = 3
4 − 0 = 4
4 − (−1) = ?
4 − (−2) = ?

கழிக்கும் எண் ஒவ்வொன்றாகக் குறையக் குறைய விடை ஒவ்வொன்றாகக் கூடுகிறது. பூஜ்ஜியத்தைத் தாண்டியதும் இந்தப் போக்கு மாற எந்தக் காரணமும் இல்லை. எனவே அடுத்து 5, அதற்கடுத்து 6.

மூன்றாவதாக இன்னொரு பார்வை, எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கழித்தல் என்பது இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும்கூட. பாதரசம் உறைவது ஏறத்தாழ −39 டிகிரி செல்சியசில், கொதிப்பது ஏறத்தாழ 357 டிகிரியில். நடுவே எத்தனை டிகிரி? 357 − (−39). எண்கோட்டில் பார்த்தால் −39இலிருந்து பூஜ்ஜியம் வரை 39, அங்கிருந்து 357 வரை 357, மொத்தம் 396. கூட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை. உயரங்களும் அப்படித்தான். எவரெஸ்ட் சிகரம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 8,849 மீட்டர், சாக்கடலின் கரை கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 440 மீட்டர். உயர வித்தியாசம் 8849 − (−440) = 8849 + 440 = 9,289 மீட்டர்.

பூஜ்ஜியத்திலிருந்து கடனைக் கழித்தால் அது செல்வமாகும், செல்வத்தைக் கழித்தால் கடனாகும் என்று பிரம்மகுப்தர் 628இலேயே விதி எழுதிவிட்டார். மிகை எண்ணுக்குத் தனம், குறை எண்ணுக்கு ருணம் என்பவை அவருடைய சொற்கள். 900 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1545இல் கூட இத்தாலியின் கார்டானோ குறை எண்களைக் "கற்பனையானவை" என்றுதான் அழைத்தார். உங்களுக்கு இது ஒரு மாலைப்பொழுதில் பிடிபடாவிட்டால் நல்ல துணை இருக்கிறது.

இனிச் செய்முறை. கழித்தல் கணக்கு வந்தால் இரண்டு மாற்றங்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள். கழித்தலைக் கூட்டலாக்குங்கள், அதற்குப் பின்னால் வரும் எண்ணை அதன் எதிரெண்ணாக்குங்கள். முதல் எண்ணை மட்டும் தொடாதீர்கள். தவறுகளில் பாதி, முதல் எண்ணின் குறியையும் சேர்த்துத் திருப்பிவிடுவதால் வருபவை.

3 − 5 → 3 + (−5) = −2
3 − (−5) → 3 + 5 = 8
−3 − (−5) → −3 + 5 = 2
−3 − 5 → −3 + (−5) = −8

கடைசி வரிக்கு வருவோம். நாம் தொடங்கிய கணக்கு அதுதான். மைனஸ் மூன்று கழித்தல் ஐந்து. கழிக்கப்படும் எண் 5, அது பிளஸ் எண். அதன் எதிரெண் −5. மைனஸ் அணியில் மூன்று பேர், இன்னும் ஐந்து பேர் அதே அணியில் சேருகிறார்கள். பிளஸ் அணியில் ஈ காக்கை இல்லை. 8 எங்கிருந்து வரும்?

"மைனசும் மைனசும் பிளஸ்" பொருந்தும் அந்த மூலை இரண்டாவது, மூன்றாவது வரிகளில் இருக்கிறது. அங்கே கழித்தலும் மைனசும் நடுவே எண் எதுவும் இல்லாமல் ஒட்டி நிற்கின்றன: − (− . அப்படி ஒட்டி நின்றால் மட்டும் இரண்டையும் ஒரு பிளஸாகப் படிக்கலாம். −3 − 5இல் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு 3 உட்கார்ந்திருக்கிறது. நடுவில் எண் இருந்தால் அந்த வரி செல்லாது. இதே போல + (− ஒட்டி நின்றால் ஒரே கழித்தல்: 6 + (−4) என்பதும் 6 − 4 என்பதும் ஒன்று.

படி 6: நீளமான கணக்குகள்

12 − 19 + (−4) − (−7) + 3 − 8

பார்த்ததும் பயமாக இருக்கலாம். முதல் வேலை, எல்லாவற்றையும் கூட்டலாக மாற்றி எழுதுவது:

12 + (−19) + (−4) + 7 + 3 + (−8)

இந்த ஒரு வரியை எழுதச் சோம்பல்பட்டுத்தான் மனக்கணக்கில் விழுகிறோம். எழுதிவிட்டால் ஒரு பெரிய சலுகை கிடைக்கிறது. கழித்தலில் இடம் மாற்றினால் விடை மாறும் (8 − 5 வேறு, 5 − 8 வேறு). கூட்டலில் எந்த எண்ணையும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், குறி அதோடு கூடவே போனால் சரி. பிளஸ் எண்களை ஒரு பக்கம் சேருங்கள்: 12 + 7 + 3 = 22. மைனஸ் எண்களை ஒரு பக்கம்: 19, 4, 8 சேர்ந்து −31. இப்போது ஒரே ஒரு கயிறு இழுப்பு: 22 + (−31) = −9.

கொஞ்சம் கண்ணை ஓட்டியிருந்தால் 12, −4, −8 மூன்றும் சேர்ந்து பூஜ்ஜியமாவதைப் பார்த்திருக்கலாம். மிச்சம் 7 + 3 + (−19), அதாவது 10 + (−19). அதே −9. இப்படி அழிந்துபோகும் கூட்டங்களைத் தேடுவது ஒரு விளையாட்டு மாதிரி, பழகினால் விடமுடியாது.

அடைப்புக்குறிக்குள் ஒரு சின்னக் கணக்கே இருந்தால்? 10 − (4 − 9). உள்ளே இருப்பதை முதலில் முடியுங்கள்: 4 − 9 = −5. பிறகு 10 − (−5) = 15. அடைப்பை நீக்கித்தான் செய்வேன் என்றால் உள்ளே உள்ள ஒவ்வோர் எண்ணின் குறியும் மாற வேண்டும்: 10 − 4 + 9. முதல் எண்ணுக்கு மட்டும் மாற்றிவிட்டு 10 − 4 − 9 = −3 என்று போவது எல்லாரும் ஒரு முறையாவது விழும் குழி.

படி 7: விடை சரிதானா?

கழித்தலுக்கு அருமையான சோதனை ஒன்று உண்டு: விடையோடு, கழித்த எண்ணைக் கூட்டினால் முதல் எண் திரும்பி வர வேண்டும். −3 − 5 = −8 சரியா? −8 + 5 = −3. வந்துவிட்டது. யாராவது 8 என்றால் 8 + 5 = 13 வரும், −3 எங்கே?

கால்குலேட்டரில் சோதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல கால்குலேட்டர்களில் கழித்தலுக்கு ஒரு பொத்தான், எண்ணை மைனஸாக்க இன்னொரு பொத்தான் (சிலவற்றில் +/− என்று இருக்கும், எண்ணை அடித்த பிறகு அதைத் தட்ட வேண்டும்). இரண்டாம் படியில் சொன்ன அதே வேறுபாடுதான், பொத்தானாக வந்து நிற்கிறது. மாற்றி அழுத்தினால் பிழைச் செய்தியோ தப்பான விடையோ வரும்.

செய்து பாருங்கள்

(1) −16 + 9
(2) 5 − 21
(3) −12 − (−12)
(4) −8 − 13
(5) 0 − (−6)
(6) −20 + 35 − (−5) − 40
(7) ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 63இல் பிறந்தார், கி.பி. 14இல் இறந்தார். எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார்?

முதல் ஆறின் விடைகள் வரிசையாக −7, −16, 0, −21, 6, −20. நாலாவதில் 21 என்றோ 5 என்றோ வந்திருந்தால் ஐந்தாம் படியை இன்னொரு முறை படியுங்கள்.

ஏழாவதில் கொஞ்சம் விஷமம் இருக்கிறது. கி.மு. 63ஐ −63 என்று வைத்துக்கொண்டால் 14 − (−63) = 77. கணக்கு சரி, விடை தப்பு. ஏனென்றால் நாம் பயன்படுத்தும் ஆண்டுக் கணக்கில் பூஜ்ஜியம் என்ற ஆண்டே கிடையாது. கி.மு. 1 முடிந்ததும் நேரே கி.பி. 1. எண்கோட்டில் பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடம் காணாமல் போனதால் ஒன்று கூடுதலாக வருகிறது. வானியலாளர்கள் இந்தத் தொல்லை வேண்டாம் என்று கி.மு. 1ஐ 0 என்றும், கி.மு. 2ஐ −1 என்றும் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் கி.மு. 63 என்பது −62. இப்போது 14 − (−62) = 76. அதிலும் அவர் பிறந்தது செப்டம்பரில், இறந்தது ஆகஸ்டில். 76ஆவது பிறந்த நாளுக்கு ஒரு மாதம் பாக்கி இருந்தது. ஆக, முடிந்த வயது 75.

தரைத்தளத்துக்கு 0 என்று பெயரிடாமல் 1 என்று தொடங்கும் கட்டடங்களில் லிஃப்டில் போகும்போதும் இதே சிக்கல் வரும். −2ஆம் தளத்திலிருந்து 5ஆம் தளத்துக்கு எத்தனை தளம் ஏற வேண்டும் என்று அங்கே போட்டுப் பாருங்கள்.